கையால் ஒரு கிட்டார் செய்யலாமா? 70 கிலோ இழுவையும் 3 மில்லிமீட்டர் பலகையும்!

ஆறு ஸ்டீல் கம்பிகளையும் சரியாக ட்யூன் செய்து வைத்தால், எல்லாம் சேர்ந்து 70 கிலோவுக்கும் அதிகமான விசையில் இழுக்கும். ஒரு ஆள் எப்போதும் தொங்கிக்கொண்டே இருப்பது மாதிரி. கிட்டாரை நீங்க வாசித்தாலும் சரி, சுவரில் மாட்டிவிட்டுத் தூங்கினாலும் சரி, அந்த இழுவை நிற்காது. அதைத் தாங்கும் மேல்பலகையின் கனம் எவ்வளவு தெரியுமா? சுமார் 3 மில்லிமீட்டர்!

"அப்போ கனமான பலகையாப் போட்டுடலாமே?" என்று தோணும். அங்கேதான் சிக்கல். மீட்டிய கம்பியில் இருக்கும் சக்தி ரொம்பக் கொஞ்சம். கனமான பலகையை அதால் அசைக்க முடியாது; சத்தம் உள்ளுக்குள்ளேயே அமுங்கிவிடும். உடைந்துவிடுமோ என்ற பயத்தில் முதன்முறை செய்பவர்கள் எல்லாவற்றையும் தடிமனாக விட்டுவிடுவார்கள். கடைசியில் ஸ்டூல் மாதிரி உறுதியான ஒரு கிட்டார் கிடைக்கும், பாட்டுதான் வராது. உடையவும் கூடாது, ஊமையாகவும் கூடாது. கிட்டார் செய்வது என்றால் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கப் பழகுவதுதான்.

சரி, எங்கே ஆரம்பிக்கலாம்?

மரம் முக்கியம் பாஸ்!

மேல்பலகைக்கு ஸ்ப்ரூஸ். எடை குறைவு, ஆனால் விறைப்பு அதிகம். இது குளிர்நாட்டு மரம் என்பதால் இறக்குமதிதான். பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் மஹாகனி அல்லது ரோஸ்வுட்.

ரோஸ்வுட் விஷயத்தில் நமக்கு ஒரு நேரடித் தொடர்பு இருக்கு. அமெரிக்காவின் புகழ்பெற்ற மார்ட்டின் நிறுவனம், பிரேசில் ரோஸ்வுட் கிடைப்பது கஷ்டமானதும் 1969-ல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அந்த மரம் வேறு எதுவும் இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் நம்ம ஈட்டிதான். இதை வெட்ட, விற்க, ஏற்றுமதி செய்யக் கட்டுப்பாடுகள் இருப்பதால் ரசீது இல்லாத மரத்தைத் தொடவே வேண்டாம். பழைய ஈட்டி அலமாரி, கட்டிலில் இருந்து எடுத்த அகலமான பலகை கிடைத்தால் அதிர்ஷ்டம். பல வருஷம் காய்ந்த மரம் அது.

ஒரு கட்டையை நடுவில் அறுத்து, புத்தகம் மாதிரி விரித்து ஒட்டுவார்கள். இடமும் வலமும் ரேகைகள் கண்ணாடிப் பிம்பம்போல் பொருந்தும்.

பலகையை எப்படி வளைக்கிறது?

பக்கப் பலகையை 2 மில்லிமீட்டருக்கு இழைத்து, நனைத்து, சூடான உலோகக் குழாய் மேல் வைத்து மெதுவாக அழுத்தணும். சூடு ஏற ஏற மரத்துக்குள் நார்களைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் இளகும். அந்த நொடியில் பலகை 'கொடுப்பது' கைக்கே தெரியும். அதற்கு முன் அவசரப்பட்டால் 'படக்'! இடுப்பு வளைவுதான் அதிகம் உடையும் இடம். அதனால் கூடுதலாக இரண்டு பலகை வாங்கி வைத்து, அதில் பழகிவிட்டு அசலைத் தொடுங்க.

இன்னொன்று, ரோஸ்வுட் தூள் சிலருக்குத் தோல் அலர்ஜியும் மூச்சுத் தொந்தரவும் தரும். மாஸ்க் கட்டாயம்.

உள்ளே ஒரு 'எக்ஸ்'

கிட்டாரின் வட்டத் துளைக்குள் மொபைல் டார்ச் அடித்துப் பாருங்க. மேல்பலகையின் அடியில் குச்சிகள் ஒட்டியிருக்கும். இவைதான் பிரேஸ்கள். அதில் பெரிய இரண்டு, எக்ஸ் வடிவத்தில் குறுக்கே போகும். 1840-களில் மார்ட்டின் பட்டறை பயன்படுத்தத் தொடங்கிய அமைப்பு இது. அப்போது கிட்டாரில் இருந்தவை குடல் நரம்புக் கம்பிகள். பின்னால், 1920-களில் ஸ்டீல் கம்பி பரவலானபோது, அந்த இழுவையைத் தாங்க இந்த எக்ஸ் கைகொடுத்தது.

இங்கே ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. பிரேஸின் அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பு பாதியாகும். உயரத்தைப் பாதியாக்கினாலோ எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும்! 12 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் சீவினால், விறைப்பில் கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விடும். அதனால் உளியை ஒரு தடவை ஓட்டுங்க, பலகையைத் தட்டிக் கேளுங்க. ஆரம்பத்தில் 'டொக்' என்று மந்தமாக இருக்கும் சத்தம், சீவச் சீவ நீண்டு ஒலிக்கும். அந்த மாற்றம் வந்ததும் உளியைக் கீழே வைக்கப் பழகணும். சீவினதைத் திரும்ப ஒட்ட முடியாது இல்லையா?

சென்னைக் காத்து, ஜாக்கிரதை!

மரம் ஈரத்தை இழுத்தால் அகலவாக்கில் விரியும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் பெரிதாக மாறாது. பிரேஸ்களும் பலகையும் வெவ்வேறு திசையில் நார் ஓடும்படி ஒட்டப்படுகின்றன. கடலோர ஊரின் ஈரக் காற்றில் ஒட்டிவிட்டு, பிறகு கிட்டாரை ஏசி ரூமில் வைத்தால் என்ன ஆகும்? பலகை சுருங்கப் பார்க்கும், பிரேஸ் விடாது, நடுவில் விரிசல் விழும். எனவே ஈரப்பதம் 45 முதல் 50 சதவிகிதம் இருக்கும் மூடிய அறையில்தான் ஒட்டணும். ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கிவிடுங்க. மரத்தையும் ஒட்டுவதற்குச் சில நாள் முன்பே அந்த அறையில் வைத்துவிடுங்க.

ஃப்ரெட்டுக்கு ஒரு மேஜிக் நம்பர்

கழுத்து எவ்வளவு அழகாக இருந்தாலும், ஃப்ரெட் இடம் தப்பினால் கிட்டார் ஸ்ருதி சேராது. இதற்கான எண் 17.817. கம்பியின் நீளம் 645 மில்லிமீட்டர் என்றால், அதை 17.817-ஆல் வகுங்க. கிடைக்கும் 36.2 மில்லிமீட்டர்தான் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட்டுக்கு உள்ள தூரம். மீதி நீளத்தைத் திரும்ப வகுத்தால் அடுத்த ஃப்ரெட். இப்படியே போனால் 12-வது ஃப்ரெட் சரியாகப் பாதியில், 322.5-ல் வந்து உட்காரும். ஆனால் குறிக்கும்போது ஒவ்வொரு ஃப்ரெட்டையும் நட்டிலிருந்தே அளக்கணும். ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று அளந்தால் சின்னச் சின்னத் தவறுகள் சேர்ந்து பெரிதாகிவிடும்.

பிரிட்ஜில் இருக்கும் சேடில் கொஞ்சம் சாய்வாக இருப்பதைக் கவனித்திருக்கீங்களா? கம்பியை அழுத்தும்போது அது இழுபட்டு ஸ்ருதி ஏறும். அதைச் சரிகட்டத்தான் சேடிலைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளி, தடித்த கம்பிகளுக்கு இன்னும் அதிகமாகத் தள்ளி வைக்கிறார்கள்.

எவ்வளவு நாள் ஆகும்?

வார இறுதிகளில் மட்டும் செய்தால் சில மாதங்கள். உளி, இழைப்புளி பிடித்தே பழக்கமில்லையா? பக்கங்கள் ஏற்கெனவே வளைக்கப்பட்டு வரும் கிட் ஒன்றில் தொடங்கலாம். எப்படிச் செய்தாலும், புதிதாகக் கம்பி மாட்டியதும் பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை லேசாக மேடு கட்டும். பதற வேண்டாம், அது இயல்பு. நாளுக்கு நாள் அந்த மேடு வளர்ந்துகொண்டே போனால் மட்டும் கம்பியைத் தளர்த்திவிட்டு, பிரேஸ் எங்கேயாவது விட்டிருக்கிறதா என்று பாருங்க.

பெட்டியை மூடி ஒட்டுவதற்கு முன் ஒரு வேலை பாக்கி இருக்கு. பலகையின் கனம், ஒவ்வொரு பிரேஸின் உயரம், அன்றைய ஈரப்பதம், தேதி, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்க. முடிந்தால் போட்டோவும் எடுத்து வைங்க. மூடிய பிறகு உள்ளே போய் அளக்க முடியாது. முதல் கிட்டார் கொஞ்சம் மந்தமாகப் பேசினால், அடுத்ததில் எங்கே எவ்வளவு சீவலாம் என்று அந்த நோட்டுதான் சொல்லும்.