பெருநாடிப் புடைப்பும் அகவழிச் சிகிச்சையும்

1955ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 18ஆந் திகதி அதிகாலையில், அமெரிக்க நாட்டிலே பிறின்ஸ்ரன் நகர வைத்தியசாலையொன்றில், அல்பேட் ஐன்ஸ்ரைன் தமது 76ஆவது வயதிற் காலமானார். பேரண்டத்தின் இயல்பை ஆராய்ந்த அப்பெரியாரின் உயிரைக் கவர்ந்தது, அவர்தம் வயிற்றினுள்ளே ஓடிய குருதிக்குழாய் ஒன்றின் வெடிப்பாகும். அக்குழாய் புடைத்திருந்தமை 1948 டிசெம்பரிலேயே தெரிந்திருந்தது. நியூயோர்க் நகரிலே உருடோல்ப் நிசன் என்னும் சத்திர வைத்தியர் அவர் வயிற்றைத் திறந்து அதனைக் கண்டார். புடைத்த பகுதியை நீக்கி வேறு குழாய் பொருத்தும் முறை அக்காலத்திற் கைவரப்பெறவில்லை. ஆதலின் அவர் செலோபேன் தாளை அதன்மேற் சுற்றி, அதனால் உண்டாகும் தழும்பு சுவரைத் தடிப்பிக்கும் என எதிர்பார்த்து, வயிற்றை மூடினார். ஏறத்தாழ ஆறாண்டுகளின்பின் வெடிப்பு நேர்ந்தபோது புதிய சத்திர சிகிச்சை முறை தோன்றியிருந்தது. ஆயினும் ஐன்ஸ்ரைன் அதற்கு இணங்கவில்லை.

முதுமையும் பிற நோய்களும் உற்ற ஒருவருக்குப் பெருஞ் சத்திர சிகிச்சை தக்கதுதானா? தகாதாயின் அவருக்கு வேறு வழி யாது? இவ்வினாக்களுக்கு விடையாகத் தோன்றிய ஒரு முறையினை விளக்குவதும், அவ்விடை எவ்வளவுக்கு நிறைவானது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இருதயத்திலிருந்து உடலுறுப்புகளுக்குப் புறப்படும் குருதியை முதலில் ஏற்பது பெருநாடி. அது மார்பினூடாக இறங்கி, வயிற்றை அடைந்து, சிறுநீரகங்களுக்குக் கிளைகளை ஈந்தபின், தொப்புளின் மட்டத்தையொட்டி இரண்டாகப் பிரிந்து கால்களை நோக்கிச் செல்கின்றது. வயிற்றுப் பகுதியில் அதன் விட்டம் ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர். சுவரிலுள்ள மீள்சத்தி நார்கள் நாளடைவிற் சிதைய, வலிகுன்றிய இடம் குருதியின் அமுக்கத்தினால் வெளியே தள்ளப்படுகின்றது. அவ்விடத்தின் விட்டம் 3 சென்ரிமீற்றரை எட்டுமாயின் அதனைப் புடைப்பு என்பர். மேனாட்டார் இதனை அனூரிசம் என வழங்குவர். புகைத்தல், முதுமை, உயர் குருதியமுக்கம், குடும்ப வழி ஆகியன இதற்கு ஏதுக்கள். பெண்களிலும் பார்க்க ஆண்களிடத்தே இது மிகுதியாகக் காணப்படும்.

குழாயொன்றின் சுவரிலே தோன்றும் இழுவிசை, உள்ளிருக்கும் அமுக்கத்தையும் குழாயின் ஆரையையும் பொறுத்தது என்பது பௌதிகம் கற்கும் மாணவர் அறிந்ததே. ஆகவே, ஆரை இருமடங்காயின் அமுக்கம் மாறாதிருப்பினும் இழுவிசை இருமடங்காகும். புடைப்பு வளர வளர, மேலும் வளர்வதற்கான ஏதுவும் அதனுள்ளேயே பெருகுகின்றது. ஆயினும் பெரும்பாலான நோயாளர் யாதொரு வருத்தமும் உணர்வதில்லை. வெடித்தபின்னரோ, பலர் வைத்தியசாலையை அடையுமுன்பே இறக்கின்றனர். எனவே, வெடிக்குமுன் செப்பஞ் செய்தலே அறிவுடைமை. விட்டம் ஆண்களில் 5.5 சென்ரிமீற்றரையும், பெண்களில் 5 சென்ரிமீற்றரளவையும் எட்டும்போது சிகிச்சை பற்றி ஆலோசிப்பது பொது வழக்காகும்.

1951ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிலே சார்ள் டுபோஸ்த் என்பார், புடைத்த பெருநாடியை அகற்றி, இறந்த ஒருவரின் நாடியை அவ்விடத்திற் பொருத்தி வெற்றிகண்டார். பின்னர், டேக்கிரன் முதலிய செயற்கை இழைகளால் நெய்த குழாய்கள் வழக்கிற்கு வந்தன. இம்முறை இன்றும் சிறந்து விளங்குவதே. எனினும் வயிற்றை நீளத் திறத்தல் வேண்டும். பெருநாடியைக் கவ்வியால் இறுக்கிக் குருதியோட்டத்தைச் சிறிதுநேரம் நிறுத்துதல் வேண்டும். அவ்வேளை இருதயத்தின்மீது பெருஞ்சுமை ஏறுகின்றது. இருதயமும் சுவாசப்பைகளும் சிறுநீரகங்களும் முன்னரே நலிந்தவர் இச்சுமையைத் தாங்குவது அரிது. அன்னாரைக் கண்ட வைத்தியர், செப்பஞ் செய்யின் சிகிச்சையால் இறப்பர், செய்யாதொழியின் வெடிப்பால் இறப்பர் என்னும் இருதலைத் துன்பத்துக்கு ஆளாயினர்.

இத்துன்பத்துக்கு ஒரு மாற்று, வெளியிலிருந்து வெட்டாது குழாயின் உள்வழியாகவே சென்று செப்பஞ் செய்தலாகும். 1987இல், அக்காலச் சோவியத் நாட்டைச் சேர்ந்த கார்க்கிவ் நகரிலே நிக்கொலாய் வொலொடொஸ் என்பார் மார்புப் பெருநாடியில் இவ்வாறு ஒரு குழாயை வைத்தார். 1990 செப்ரெம்பர் 7ஆந் திகதி, ஆர்ஜென்ரீனாவின் புவெனஸ் அயர்ஸ் நகரிலே ஜுவான் பரோடி என்பார் வயிற்றுப் பெருநாடிப் புடைப்புக்கு இம்முறையைக் கையாண்டார். டேக்கிரன் குழாயொன்றை, ஜுலியோ பல்மாஸ் அமைத்த ஸ்ரென்ற் எனப்படும் உலோக வலைக்கூட்டுடன் தைத்து அவர் பயன்படுத்தினார். திறந்த சத்திர சிகிச்சையைத் தாங்கமாட்டாதவர் பொருட்டே அவர் இதனை வகுத்தார் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத்தக்கது.

இனி, இச்சிகிச்சை நடைபெறும் வகையை நோக்குவோம். முதலிற் சீ.ரீ. ஸ்கான் படத்தினால் நாடியின் நீளம், விட்டம், வளைவு ஆகியன நுணுக்கமாக அளக்கப்படும். சிறுநீரக நாடிகளுக்குக் கீழே, புடைப்புக்கு மேலே, சீரான 'கழுத்து' ஒன்று இருத்தல் வேண்டும். பொதுவாக 10 முதல் 15 மில்லிமீற்றராவது வேண்டும் என்பர். குழாயின் மேல்முனை பற்றிக்கொள்ளும் இடம் அதுவே. பின்னர்த் தொடையிடுக்கில் விறைப்பு மருந்து ஏற்றியோ மயக்க மருந்து கொடுத்தோ, தொடைநாடியினூடாக மெல்லிய கம்பியொன்றைப் பெருநாடிக்குள் செலுத்துவர். சுருக்கி உறையிலிட்ட ஸ்ரென்ற் குழாய் அக்கம்பியின்மேல் ஏறிச் செல்லும். எக்ஸ்-கதிர்த் திரையில் இடத்தை உறுதிசெய்து உறையைப் பின்னிழுக்க, குழாய் விரிந்து நாடியின் உட்சுவரைப் பற்றிக்கொள்ளும். இக்காலக் குழாய்கள் பலவற்றின் வலைக்கூடு, நிக்கலும் தைற்றேனியமும் கலந்த நிற்றினோல் என்னும் உலோகத்தால் ஆனது; சுருக்கியபின் விடுவித்தால் தன் பழைய வடிவை அடைவது அதன் இயல்பு. பெருநாடி இரண்டாகப் பிரிவதால் குழாயும் காற்சட்டை போல இரு கால்களை உடையது. ஒரு கால் உடலோடு சேர்ந்தே செல்ல, மற்றையதை எதிர்ப்புறத் தொடைநாடி வழியே கொண்டுசென்று உள்ளே பொருத்துவர். அதன்பின் குருதி புதுக்குழாயினூடாகவே ஓடும். புடைப்பு அகற்றப்படாது அவ்விடத்திலேயே இருப்பினும், அமுக்கம் நீங்கியமையால் நாளடைவிற் சுருங்கக்கூடும்.

பலன் யாது? பிரித்தானியாவிலே 1999 முதல் 2004 வரை 1252 நோயாளரைச் சேர்த்து இருமுறைகளையும் ஒப்பிட்டனர். இவர்கள் திறந்த சிகிச்சையையும் தாங்கவல்லவர். சிகிச்சையின்பின் 30 நாட்களுள் இறந்தோர், திறந்த முறையில் நூற்றுக்கு 4.3, அகவழி முறையில் 1.8. இது பெருநன்மையே.

ஆனால், யாருக்காக இம்முறை தோன்றியதோ அவர்களின் நிலை யாது? அதே காலத்திலே, திறந்த சிகிச்சைக்குத் தகாதவர் எனக் கருதப்பட்ட 404 பேரை இரு பகுதியினராக வகுத்து, ஒரு பகுதியினருக்கு அகவழிச் சிகிச்சையை நியமித்து, மற்றையோரைச் செப்பஞ் செய்யாது விட்டனர். சிகிச்சை பெற்றோருள் 30 நாட்களில் இறந்தோர் நூற்றுக்கு 7.3. பின்னைய ஆண்டுகளிற் புடைப்பினால் நேரும் இறப்புகள் குறைந்தன. ஆயினும் மொத்த இறப்பில் வேறுபாடு காணப்படவில்லை. புடைப்பிலிருந்து தப்பியோரை இருதய நோயும் பிற நோய்களும் கொண்டுசென்றன. சிகிச்சைக்குக் காத்திருக்கையிலேயே சிலர் வெடிப்பினால் இறந்தமையும், விடப்பட்டோருட் சிலர் பின்னர்ச் சிகிச்சை பெற்றமையும் இக்கணக்கை ஓரளவு மயக்கினவென்பர். அக்காலக் குழாய்களிலும் இன்றைய குழாய்கள் திருந்தியவை. எனினும் அடிப்படைப் படிப்பினை மாறவில்லை: செய்ய இயலும் என்பதொன்றே செய்தற்குக் காரணமாகாது.

பிறிதொன்றும் உண்டு. குழாயின் முனையினூடாகவோ, புடைப்பினுள் திறக்கும் சிறு கிளைநாடிகளினூடாகவோ குருதி மீண்டும் புடைப்பினுள் கசியலாம். குழாய் இடம்பெயரவும் கூடும். ஆதலின் நோயாளர் வாழ்நாள் முழுவதும் காலந்தோறும் ஸ்கான் பரிசோதனைக்கு வருதல் வேண்டும். முற்கூறிய 1252 பேரையும் 15 ஆண்டுகள்வரை தொடர்ந்து நோக்கியபோது, எட்டாண்டுகளின்பின் திறந்த சிகிச்சை பெற்றோருள்ளேயே இறப்புக் குறைவாயிருந்தது. முதலிற் கிடைத்த நன்மை பின்னர்த் தேய்ந்துபோயிற்று. எனவே, நீண்டகாலம் வாழக்கூடிய உடல்நலமுடையவருக்குத் திறந்த முறையும், அதனைத் தாங்காராயினும் சில ஆண்டுகளேனும் வாழும் வாய்ப்புடையவருக்கு அகவழி முறையும் பெரும்பாலும் ஏற்றனவாகும். பிற நோய்களால் வாழ்நாள் மிகக் குறுகியோருக்கு ஒன்றுஞ் செய்யாது ஆதரித்தலும் ஒரு சிகிச்சையே. நோயையன்றி நோயாளரையும் காலத்தையும் சேர்த்து ஆராய்க என்னும் வள்ளுவர் கருத்து இங்கே நன்கு பொருந்துகின்றது.

இம்முடிபுகள் யாவும் நோய் முன்கூட்டியே அறியப்பட்டவர்க்கே பயன்படும். இங்கிலாந்தில் 65 வயதை எய்தும் ஆண்கள் அனைவரும் கேளா ஒலிப் பரிசோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். அது சில நிமிடங்களில் முடிவது, வலியற்றது. நம் பழைய மாணவருள் அவ்வயதைக் கடந்தவரும், முன்னரோ இன்றோ புகைத்தற் பழக்கமுடையவரும், தந்தையோ உடன்பிறந்தாரோ இந்நோயுற்றிருக்கக் கண்டவரும் தத்தம் வைத்தியரிடம் இதுபற்றி உசாவுதல் நன்று. இன்று வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவருக்கோ ஒன்றே சொல்லவேண்டும்: புகைத்தலைத் தொடங்காதிருத்தல், எந்தச் ஸ்ரென்ற் குழாயிலும் மேலான காப்பு.

ஐன்ஸ்ரைன் அறிந்தே சத்திர சிகிச்சையை மறுத்தார். அது அவருடைய உரிமை. இன்று அவர் நிலையில் உள்ள ஒருவருக்கு முன் மூன்று வழிகள் உள. அவற்றின் நன்மை தீமைகளை மறையாது எடுத்துரைத்தல் வைத்தியர் கடமை. தமக்கு ஏற்றதைத் தெரிந்துகொள்ளல் நோயாளரின் உரிமை.