மயங்கினோர் மூளையின் நிலையறிதல்

1846-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் பாஸ்டன் நகரத்து வைத்தியசாலையொன்றில் ஈதர் ஆவியால் நோயாளி ஒருவரை மயக்கிச் சத்திர சிகிச்சை செய்துகாட்டிய வரலாற்றை நம்மிற் பலர் படித்திருப்போம். அன்று தொட்டு மயக்க மருந்தளிக்கும் வைத்தியரை ஒரு கேள்வி விடாது தொடர்ந்தது. இவர் உண்மையாகவே உணர்விழந்தனரா? இதற்கு விடையை மூச்சின் போக்கிலும், விழியின் அசைவிலும், கண்மணியின் அகலத்திலும், தசைகளின் தளர்ச்சியிலும் தேடினர். மருந்து தொழில்செய்வதோ மூளையில். அவர்கள் நோக்கியதோ மூளையொழிந்த பிறவற்றை. வீட்டிலுள்ளார் உறங்கினரோ என்பதைத் திண்ணையிலிருந்து செவிசாய்த்து அறிவது போன்றதே இது.

அவ்வடையாளங்களுக்கும் 1942-இல் இடையூறு நேர்ந்தது. கானடா தேசத்து மான்றியல் நகரில் கிரிஃபித், ஜான்சன் என்னும் இருவர் கியூராரே என்னும் மருந்தைச் சத்திர சிகிச்சையிற் புகுத்தினர். தென்னமெரிக்க வேடர் அம்பு நுனியில் தடவும் நஞ்சு அது. தசைகளை அறவே தளர்த்தும். உணர்வையோ சிறிதும் போக்காது. அறுக்கும் வைத்தியர்க்கு அது பேருதவியாயிற்று. ஆனால், மயக்கம் இடையே குறைந்துவிடின் நோயாளியின் கதி யாது? கத்தி படுவதை உணர்ந்தும் விரலசைக்கவோ வாய்திறக்கவோ இயலாது கிடப்பர். மிக அரிதாகவே நிகழ்வதெனினும், அங்ஙனம் விழித்துக் கிடந்தவருட் சிலர் பன்னாள் தீக்கனவுகளால் வருந்தியதுண்டு.

மூளையையே வினவும் வழியொன்று முன்னரே அறியப்பட்டிருந்தது. ஜெர்மனியில் யேனா நகரத்து வைத்தியராகிய ஹான்ஸ் பெர்கர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்து, ஐந்தாண்டுகள் பொறுத்து 1929-இல் வெளியிட்டார். தலையின் மேற்றோலிற் பதித்த சிறு உலோகத் தகடுகளில் வந்தெட்டும் அம்மின்சாரம், ஒரு வோல்ட்டைப் பத்து லட்சங் கூறிட்டால் அவற்றுட் சில பத்துக் கூறுகளேயாம்! கண்மூடி அமர்ந்திருப்பார்க்குப் பிடரிப் பக்கத்தில் வினாடிக்கு ஏறக்குறையப் பத்து அலைகள் எழும். மயக்கம் ஆழ ஆழ அலைகள் பருத்து மெதுவாகும். அளவு மிஞ்சினால் இடையிடையே அடங்கிப்போகும். கழுத்து நாடியை இறுக்கிச் செய்யும் சிகிச்சையில் ஒருபக்கத்து அலைகள் தளருமாயின், அப்பக்கத்திற்கு இரத்தம் போதவில்லையெனத் தெளிந்து, குழாய் வழியே இரத்தம் செலுத்துவர்.

இக்காலத்தில் நெற்றியில் ஒட்டும் பட்டையொன்று இவ்வலைகளைக் கணித்து, 0 முதல் 100 வரை ஓர் எண்ணாகக் காட்டுகின்றது. 40 முதல் 60 வரை தக்க மயக்கமென்பர். எண்ணொன்று கிடைத்தமையால் ஐயம் ஒழிந்ததென்பாரோடு நாம் உடன்படுவதற்கில்லை. கீட்டமைன் என்னும் மருந்து மயக்கத்தைத் தரும்போதே எண்ணை உயர்த்தக்கூடும். 2015-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், மயக்க மருந்தின்றி முழு விழிப்புடனிருந்த தொண்டர்களுக்குத் தசைதளர்க்கும் மருந்து மட்டும் அளிக்க, எண் 60-க்குங் கீழே இறங்கிற்று! நெற்றித் தசையின் மின்சாரத்தையும் கருவி மூளையினதாக எண்ணியிருந்ததே காரணம். ஆதலின் தேர்ந்த வைத்தியர் எண்ணோடு நில்லாது அலைகளையும் படிக்கின்றனர்.

தீவிர சிகிச்சைப் பகுதியில் இப்படிப்பு இன்னும் இன்றியமையாதது. தலைக்காயத்தாலோ மூளையில் இரத்தம் கசிந்தோ நினைவிழந்து கிடப்பவர் அமைதியாக உறங்குவதாகவே சுற்றத்தார் எண்ணுவர். கைகால் வெட்டாமலே உள்ளே வலிப்பு ஓயாது நிகழ்தல் கூடும். அலைப்பதிவொன்றே அதனைக் காட்டவல்லது. அரைமணிப் பதிவில் அஃது அகப்படாது தப்பலாமாகையால், 24 மணி நேரமும், ஆழ்ந்து மயங்கினார்க்கு அதற்கு மேலும், பதிவை இடையறாது நடத்துகின்றனர்.