நட்சத்திரத்துக்கும் ஆயுசு உண்டா?



ஒரு நாள் குழுக் கூட்டம் முடியவே இருட்டிடுச்சு. கரண்டும் இல்லை. வாசலில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அக்கா வானத்தைக் காட்டி, "ஜாதகத்துல நட்சத்திரம் பாக்குறோமே மேடம், அந்த நட்சத்திரத்துக்கு ஆயுசு உண்டா?" என்று கேட்டார். எங்களுக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சென்னைக்கு விற்பனைக் கண்காட்சிக்குப் போனபோது, கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்துக்கும் போய் வந்தோம். தெரிந்துகொண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

பிறப்பு

வானவெளியில் வாயுவும் தூசியும் மேகம் போலப் பரவிக் கிடக்கின்றன. அதில் ஹைட்ரஜன் வாயுதான் அதிகம். அந்த மேகம் தன் ஈர்ப்பு சக்தியால் சுருங்கச் சுருங்க, நடுவில் சூடு ஏறும். சூடு ஒரு கோடி டிகிரி அளவுக்குப் போனதும் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும். அப்போது வருவதுதான் நட்சத்திரத்தின் வெளிச்சம். நம் சூரியனும் ஒரு நட்சத்திரமே. வயது சுமார் 460 கோடி வருஷம். இன்னும் சுமார் 500 கோடி வருஷம் எரியும். அதனால் பயப்பட வேண்டாம்!

முடிவு

விறகு தீர்ந்தால் அடுப்பு அணையும். நட்சத்திரத்திலும் எரிபொருள் தீரும். அப்போது உட்பகுதி சுருங்கும். வெளிப்பகுதி உப்பிச் சிவக்கும். மார்கழியில் பொழுது சாய்ந்ததும் கிழக்கே பாருங்கள். சிவப்பாகத் தெரியும் திருவாதிரை அப்படி வயதான நட்சத்திரம்தான்.

சூரியன் போன்றவை கடைசியில் பூமி அளவுக்குச் சுருங்கி 'வெள்ளைக் குள்ளன்' ஆகிவிடும். மிகப் பெரியவை வெடித்துச் சிதறும். நாம் சாப்பிடும் முருங்கைக்கீரையில் உள்ள இரும்பும், நம் எலும்பில் உள்ள கால்சியமும் ஒரு காலத்தில் நட்சத்திரங்களில் உண்டானவைதான்.

மயிலாப்பூர் பையன்

வெள்ளைக் குள்ளன் எவ்வளவு எடை தாங்கும் என்று கணக்குப் போட்டவர், மயிலாப்பூரில் வளர்ந்து சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சந்திரசேகர். 1930-ல், 19 வயதில், ஸ்காலர்ஷிப் பெற்று இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே இந்தக் கணக்கைத் தொடங்கிவிட்டார். சூரியனைப் போல 1.4 மடங்கு எடைதான் எல்லை. அதைத் தாண்டினால் வெள்ளைக் குள்ளனாக நிலைக்க முடியாது. 1935-ல் லண்டனில் பெரிய விஞ்ஞானி எடிங்டன் சபையிலேயே இதைக் கேலி செய்தார். ஆனால் கணக்கு சரி என்று காலம் காட்டியது. 1983-ல் நோபல் பரிசு கிடைத்தது.

எங்கள் மனதில் அதிகம் நின்றவர் அவருடைய அம்மா சீதாலட்சுமி. கல்யாணத்துக்குப் பிறகு ஆங்கிலம் கற்று, ஒரு நாடகத்தைத் தமிழில் மொழிபெயர்த்தவர். மகன் கிளம்பும்போது அவருக்கு உடம்பு ரொம்ப முடியாமல் இருந்தது. ஆனாலும் "போகாதே" என்று தடுக்காமல் படிக்க அனுப்பிவைத்தார். 1931-ல் அவர் இறந்தபோது மகன் இங்கிலாந்தில் இருந்தார். திரும்பப் பார்க்கவே முடியவில்லை.

இதை எங்களிடம் கேள்வி கேட்ட அக்காவுக்குச் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அவருடைய மகள் ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் கேட்கிறாள். அதற்கு டவுனில் ஹாஸ்டலில் சேர்க்கணும். "பொம்பளப் பிள்ளையை எதுக்கு அவ்வளவு தூரம்?" என்று வீட்டில் பேச்சு. அடுத்த கூட்டத்தில் அவரே எழுந்து மகள் படிப்புக்கு உள்கடன் கேட்டார். குழுவும் தீர்மானம் போட்டுவிட்டது.

உங்கள் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் எத்தனை பெண் பிள்ளைகள் பத்தாவதோடு நின்றுவிட்டார்கள்? ஏன்?

• அவர்கள் மேலே படிக்க நம் குழு என்ன செய்யலாம்?