போர்டுதான் புதுசு... ஆசாமி பழசு!

ஊரை ஏமாற்றிய சீட்டுக் கம்பெனி என்ன செய்யும்? ராத்திரியோடு ராத்திரியாக போர்டைக் கழற்றிவிட்டு, அடுத்த தெருவில் வேறு பெயரில் கடை திறக்கும். இதே டெக்னிக்கை லண்டனில் மதத்தின் பெயரால் செய்து காட்டியவர் அஞ்சம் சௌத்ரி. லேசுப்பட்ட ஆளில்லை, வக்கீல் படிப்பு படித்தவர்!

1996-ல் ஒமர் பக்ரி பிரிட்டனில் நடத்தத் தொடங்கிய 'அல் முஹாஜிரூன்' இயக்கத்தில் இவர் வலது கை. 2004-ல் 'இயக்கத்தைக் கலைச்சாச்சு' என்றார்கள். உடனே புதுப் பெயர்களில் இரண்டு கிளைகள் முளைத்தன. 2005-ல் பக்ரி லெபனான் போக, திரும்பி வரமுடியாதபடி அரசு கதவைச் சாத்தியது. 2006-ல் இரண்டு கிளைகளுக்கும் தடை.

சௌத்ரி அசரவில்லை. அடுத்த போர்டு, 'இஸ்லாம் ஃபார் யூ.கே.'! ஆப்கானிஸ்தானில் இறந்த சிப்பாய்களின் உடல்கள் அப்போது வூட்டன் பாசெட் ஊர் வழியாகப் போகும். ஜனங்கள் தெருவில் மௌனமாக நிற்பார்கள். 'அதே தெருவில் காலிச் சவப்பெட்டிகளோடு ஊர்வலம் போவோம்' என்று அறிவித்தார் மனுஷன். நாடே கொதித்தது. முஸ்லிம் அமைப்புகளே கண்டித்தன. ஊர்வலம் நடக்கவில்லை. ஆனால் எந்தப் பேப்பரைப் பிரித்தாலும் அவர் முகம்! 2010 ஜனவரியில் தடை. பெயர் மாற்றம்... 2011-ல் தடை. மறுபடி பெயர் மாற்றம்... 2014-ல் தடை.

இதுவரை சிரிக்கலாம். 2017-ல் லண்டன் பிரிட்ஜில் எட்டுப் பேரைக் கொன்ற மூவரில் ஒருவன் இந்தக் கோஷ்டியோடு சுற்றியவன் என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

'அப்போ தடையெல்லாம் சுத்த வேஸ்ட்டா சார்?' என்பீர்கள். அப்படியும் சொல்ல மாட்டேன். 2016-ல் அவரை ஐந்தரை வருஷ ஜெயிலுக்கு அனுப்பிய குற்றம், தடை செய்யப்பட்ட ஐ.எஸ்.ஸுக்கு ஆதரவு திரட்டியது. 2018-ல் வெளியே வந்தவர் திருந்தினாரா? பழைய அல் முஹாஜிரூனையே நடத்தினார். நியூயார்க் சிஷ்யர்களுக்கு ஆன்லைனில் பாடம் வேறு. பவ்யமாகக் கேட்டுக்கொண்டிருந்த சிஷ்யர்களில் மாறுவேடப் போலீசும் உண்டு! 2024 ஜூலையில் ஆயுள் தண்டனை. குறைந்தபட்சம் 28 வருஷம் உள்ளே.

தடை உத்தரவு தாயத்து இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு ஃபைலை மூடினால் போர்டு மட்டும்தான் மாறும். பொறுமையாக உட்கார்ந்து சாட்சி சேர்த்தால் ஆசாமியே மாட்டுவார். 2010 தடைக்கும் 2024 தீர்ப்புக்கும் நடுவே 14 வருஷம்!

அதுசரி, அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஓடிப்போய் மைக் நீட்டினார்களே, அவர்களை எந்தச் சட்டத்தில் தடை செய்வது?