தண்ணீர் கிடைக்காத கிணறு

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்)

கிணறு வெட்டுவது எங்கள் குடும்பத் தொழில். என் பாட்டனார் வெட்டினார்; என் தந்தையார் இன்றும் வெட்டுகிறார். எங்கள் வீட்டில் கடப்பாரையை விட்டுப் பேனாவைப் பிடித்துக் கல்லூரிக்கு வந்தவன் நான்தான். ஆதலால், நம் கல்லூரி நூலகத்தில் ஒரு கிணற்றைப் பற்றிய செய்தியைக் கண்டதும் அதை விட்டு நகர மனம் வரவில்லை. அந்தக் கிணறு இருப்பது சைபீரியாவில். அதில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கிடைக்கவில்லை. ஆயினும் விஞ்ஞான உலகம் அதை மறக்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லவே இக்கட்டுரை.

ஷெர்கின் கிணறு

லேனா ஆற்றங்கரையில் யாகுட்ஸ்க் என்றொரு நகரம். குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 40 டிகிரி சென்டிகிரேடுக்கு இறங்குவது சாதாரணம். அந்நகரில் ஒரு வணிகக் கம்பெனியில் பணியாற்றிய ஷெர்கின் என்பவர், 1828-ஆம் ஆண்டு தம் வீட்டு முற்றத்தில் கிணறு தோண்டத் தொடங்கினார். மண் கல்லாக உறைந்திருந்தது. ஆழம் போனால் உறைபனி முடிந்து ஊற்று வரும் என்று நம்பினார். ஆண்டுகள் ஓடின, ஊற்று வரவில்லை. 1837-ஆம் ஆண்டு கிணறு 116 மீட்டர் ஆழத்தை எட்டியது. அங்கும் மண் உறைந்தே கிடந்தது!

இதை வீட்டில் சொன்னபோது என் தந்தையார் கேட்டார்: "தண்ணி வரலேன்னு தெரிஞ்சும் அந்த ஆளு ஏன்டா வெட்டிக்கிட்டே போனான்?"

"பனி எங்கே முடியுதுன்னு பாக்கத்தாம்ப்பா" என்றேன்.

1844-ஆம் ஆண்டு மிட்டெண்டார்ஃப் என்னும் விஞ்ஞானி அக்கிணற்றுக்குள் பல ஆழங்களில் வெப்பமானிகளை வைத்து அளந்தார். கீழே செல்லச் செல்லக் குளிர் சிறிது சிறிதாகக் குறைவதைக் கண்டார். அந்தக் கணக்கைக் கொண்டு, உறைந்த மண்ணின் தடிமன் சுமார் 200 மீட்டர் இருக்கும் என மதிப்பிட்டார். தண்ணீருக்காகத் தோண்டிய கிணறு, நிலத்தின் வெப்பத்தை அளக்கும் ஆய்வுக்கூடமாயிற்று.

உறைநிலம் என்பது யாது?

இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ தொடர்ந்து பூஜ்யம் டிகிரியிலோ அதற்குக் கீழோ இருக்கும் நிலத்தை நிலத்தடி உறைபனி என்கிறோம். ஆங்கிலத்தில் இதன் பெயர் பெர்மாஃப்ராஸ்ட். சைபீரியா, அலாஸ்கா, வட கனடா ஆகிய பகுதிகளில் இது மிகுதி. கோடையில் மேற்பரப்பு மட்டும் இளகும். குளிர்காலத்தில் மீண்டும் உறையும். தூந்திரப் பிரதேசத்தின் பாசியும் புல்லும் குறுஞ்செடிகளும் வேரூன்றி வாழ்வது இந்த மெல்லிய மேலடுக்கில்தான்.

செடிகள் மடிந்தால் நம் ஊரில் ஒரு மழைக்காலத்துக்குள் மட்கிவிடும். அங்கோ குளிரில் நுண்ணுயிரிகள் வேலை செய்வதில்லை. எனவே இலையும் வேரும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் புதைந்து கிடக்கின்றன. இவ்வாறு உறைநிலப் பகுதியின் மண்ணில் சேர்ந்துள்ள கார்பன் ஏறத்தாழ 1,50,000 கோடி டன் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். வளிமண்டலத்தில் உள்ள கார்பனைப்போல் இது ஏறக்குறைய இரு மடங்கு!

உறைநிலம் எவ்வளவு நன்றாகப் பாதுகாக்கும் என்பதற்குத் தாவரவியல் மாணவனாகிய நான் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். கொலிமா ஆற்றுப் பகுதியில் 38 மீட்டர் ஆழத்தில், அணில் இனத்து விலங்கொன்று சேமித்து வைத்த காய்கள் கிடைத்தன. அவற்றின் வயது சுமார் 32,000 ஆண்டுகள். அவற்றின் திசுக்களிலிருந்து செடிகளை வளர்த்து, அவை வெண்ணிறப் பூ பூத்ததை ரஷ்ய விஞ்ஞானிகள் 2012-ஆம் ஆண்டு அறிவித்தனர்.

ஐஸ் பெட்டி திறக்கிறது

இப்பெரும் ஐஸ் பெட்டியின் கதவு இப்போது திறந்து வருகிறது. 1979 முதல் ஆர்க்டிக் பகுதி, உலகச் சராசரியைக் காட்டிலும் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாக வெப்பமடைந்துள்ளது. நிலம் இளகினால் நுண்ணுயிரிகள் விழித்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள மண்ணில் அவை கார்பன்-டை-ஆக்ஸைடை வெளியிடும். நீர் தேங்கிய மண்ணிலோ மீத்தேனையும் வெளியிடும். இவ்வாயுக்கள் பூமியை மேலும் சூடாக்கும். அதனால் மேலும் நிலம் இளகும். வட்டிக்கு வட்டி ஏறும் கடனைப் போன்றது இது.

உயிரினங்களும் இடம் மாறுகின்றன. புல்லும் பாசியும் இருந்த இடங்களில் வில்லோ முதலிய புதர்கள் பரவுகின்றன. புதர்கள் குளிர்காலத்தில் பனித்தூளைப் பிடித்து வைக்கின்றன. அது கம்பளிபோல் மூடி, நிலம் குளிரவிடாமல் தடுக்கிறது. புதர்களைத் தொடர்ந்து, ஓடைகளில் அணை கட்டும் பீவர் என்னும் கொறிவிலங்கும் வடக்கே வந்துவிட்டது. மேற்கு அலாஸ்காவின் தூந்திரத்தில் 1950-ஐ ஒட்டி எடுத்த வான்படங்களில் பீவர் குளங்களே இல்லை. இன்று 10,000-க்கும் அதிகம். குளத்து நீரின் வெப்பம் அடியிலுள்ள உறைநிலத்தை இளக்குகிறது.

செடிகள் வளர்ந்தால் கார்பனை உறிஞ்சிக்கொள்ளுமே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான்; உறிஞ்சவும் செய்கின்றன. ஆனால் காட்டுத்தீயையும் சேர்த்துக் கணக்கிட்டால், தூந்திரம் இப்போது உறிஞ்சுவதைவிட வெளியிடுவதே அதிகம் என்று 2024-ஆம் ஆண்டின் ஆர்க்டிக் அறிக்கை கூறுகிறது.

மனிதர் படும் பாடும் உண்டு. அலாஸ்காவின் நியூடாக் கிராமத்தில் உறைநிலம் இளகி, ஆற்றங்கரை சரிந்து, வீடுகள் ஆபத்துக்குள்ளாயின. யூப்பிக் பழங்குடியினரான அம்மக்கள் 2019 முதல் மெர்டார்விக் என்ற புதிய இடத்துக்குக் குடிபெயர்ந்தனர். ஊரையே தூக்கிக்கொண்டு போவது எளிதா?

ஓர் இரும்புக் கம்பி

இவற்றையெல்லாம் எப்படி அறிகிறார்கள்? செயற்கைக்கோள்களும் ஆழ்துளைகளில் இறக்கும் வெப்பமானிகளும் உண்டு. என்னைக் கவர்ந்ததோ மிக எளிய கருவி ஒன்று. 1991 முதல் பல நாடுகளின் ஆய்வாளர்கள் கூடி, கோடை முடிவில் இளகிய அடுக்கின் ஆழத்தை அளந்து வருகிறார்கள். பல இடங்களில் கருவி ஓர் இரும்புக் கம்பியே! மண்ணில் குத்துவார்கள், உறைந்த அடுக்கில் பட்டு நிற்கும், ஆழத்தைக் குறித்துக்கொள்வார்கள். அடுத்த ஆண்டு அதே இடத்தில் மீண்டும் குத்துவார்கள்.

என் தந்தையார் கடப்பாரை விழும் ஓசையைக் கேட்டே, கீழே இருப்பது சுக்கானா, கரும்பாறையா என்று சொல்லிவிடுவார். அவருக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. அவர் செய்வதும் ஆராய்ச்சியின் முதற்படியே என்று இதைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது. அதுவரை, அப்பாவின் தொழிலைப் பற்றி வகுப்பில் யாரேனும் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவது வழக்கம்.

இது எங்கோ வடக்கே நடப்பது, நமக்கென்ன என்றிருக்க இயலாது. வளிமண்டலம் அனைவர்க்கும் ஒன்றே. நம் நாடும் ஸ்வால்பார்டு தீவில் 2008-ஆம் ஆண்டு ஹிமாத்ரி ஆய்வு நிலையத்தைத் திறந்து ஆய்வு நடத்தி வருகிறது. நம் கல்லூரி மாணவர் ஒருவர் அங்கே செல்லும் நாளும் வரலாம்.

இளகிய நிலம் மறுபடி உறைந்தால் எல்லாம் சரியாகிவிடாதா என்று நானும் எண்ணியதுண்டு. அப்பாவிடம் கேட்டேன். சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: "வெட்டுன மண்ண அள்ளிப் போட்டுக் கிணத்த மூடிரலாம்டா. பழைய கெட்டி வராது."

பல்லாயிரம் ஆண்டுகள் சேர்ந்த கார்பன் வெளியேறிவிட்டால், ஒரு குளிர்காலத்தில் திரும்பி வந்து சேராது. பல பக்கங்கள் படித்து நான் அறிந்துகொண்டதை அப்பா இரண்டு வரியில் சொல்லிவிட்டார்.