ஐ.சி.யூ.விலிருந்து மீண்டவர் ஏன் நிற்க முடியவில்லை?

"உயிர் பிழைத்துவிட்டார், ஆனால் எழுந்து நிற்க முடியவில்லையே!" 2020-21 கொரோனா நாட்களில், பிசியோதெரபிஸ்டான என்னிடம் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் குடும்பத்தினர் பலமுறை சொன்னது இது. சிலர் பக்கவாதமோ என்று பயந்தார்கள். சிலர் சோம்பல் என்று கடிந்துகொண்டார்கள். இரண்டும் அல்ல. கடும் நோயில் நரம்பும் தசையும் நலிந்துவிடுகின்றன.

1984-இல் கனடாவில் டாக்டர் போல்ட்டன் குழுவினர் இந்த நரம்பு நலிவை விளக்கினார்கள். முதல் பத்து நாட்களிலேயே தொடைத் தசை சுமார் 18 சதவீதம் சுருங்குவதை 2013-இல் வெளிவந்த லண்டன் ஆய்வு காட்டியது.

யாருக்கு ஆபத்து அதிகம்? கடுமையான கிருமித் தொற்றால் பல உறுப்புகள் பழுதானவர்கள், செயற்கைச் சுவாசத்தில் நெடுநாள் இருந்தவர்கள், ரத்தத்தில் சர்க்கரை ஏறியவர்கள், முதியவர்கள். ஸ்டீராய்டும், தசைகளை அசையவிடாமல் வைக்கும் மருந்துகளும் ஆபத்தைக் கூட்டலாம். ஆயினும் உயிர் காக்க அவை தேவைப்படுவதுண்டு.

அசையாமல் கிடப்பதும் ஒரு காரணம். 'பாவம், ஓய்வெடுக்கட்டும்' என்று நாம் பாசத்தால் சொல்வது இங்கே பொருந்தாது. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், செயற்கைச் சுவாசத்தில் இருந்தபோதே பயிற்சி தொடங்கியவர்களில் 59 சதவீதம் பேர், ஆஸ்பத்திரியை விட்டுச் செல்லும்போது தம் காரியங்களைத் தாமே செய்தனர். மற்றவர்களில் 35 சதவீதம் பேர்தான்.

ஆகவே அன்பர்களே, "எப்போது உட்கார வைக்கலாம்?" என்று முதல் வாரமே டாக்டரிடம் கேளுங்கள். செங்குத்தான இரும்பு ஏணியில் ஏறி மேல்வீட்டுக்குப் போகவேண்டிய தாராவிக்காரருக்கு இது சிறிய விஷயமல்ல. தேற மாதங்கள் ஆகலாம், கடிந்துகொள்ளாமல் கைகொடுங்கள்.