ஏஐ கையில டூல்ஸ் கொடுக்கலாம், சாவியைக் கொடுக்கலாமா?

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் டெக்னிக்கல்தான், ஆனா பயப்பட வேண்டாம். ஸ்மார்ட் கான்ட்ராக்ட்னா பிளாக்செயின்ல ஓடுற ஒரு ப்ரோகிராம், அதுக்குள்ள நிஜப் பணம் இருக்கும், ஒரு தடவை ஏத்திட்டா சாதாரணமா மாத்த முடியாது. இவ்வளவு தெரிஞ்சா போதும்.

நிறைய பேர் கேட்டிருந்த கேள்வி இது: ஏஐ அசிஸ்டன்ட்டை ஃபவுண்ட்ரி, ஹார்ட்ஹேட், ஸ்லிதர் மாதிரி டூல்ஸோட நேரடியா இணைச்சா என்ன லாபம், எங்கே கை சுடும்?

முதல்ல, ஏன் இணைக்கணும்? சாட் விண்டோவில "ஒரு டோக்கன் கான்ட்ராக்ட் எழுதிக் கொடு"ன்னு கேட்டா ஏஐ எழுதிடும். பார்க்க அழகாவும் இருக்கும். ஆனா அதை அது கம்பைல் பண்ணிப் பார்த்ததே இல்லை. உதாரணத்துக்கு, சேஃப்மேத்னு ஒரு லைப்ரரி. கூட்டல் கழித்தல்ல எண் எல்லை தாண்டி வழிஞ்சிடாம பார்த்துக்கிறது அதோட வேலை. 2020 டிசம்பர்ல வந்த சாலிடிட்டி 0.8 அந்தச் சோதனையை மொழிக்குள்ளேயே கொண்டு வந்துடுச்சு. ஓப்பன்செப்பலின் தன்னோட 5-ஆம் வெர்ஷன்ல சேஃப்மேத் ஃபைலையே தூக்கிட்டாங்க. ஆனா இணையத்துல பழைய கோட் குவிஞ்சு கிடக்கே! அதைப் படிச்சு வளர்ந்த ஏஐ, இல்லாத ஃபைலை இம்போர்ட் பண்ணும். நீங்க எர்ரரைக் காப்பி பண்ணிப் போடுவீங்க, அது திருத்தித் தரும், இன்னொரு எர்ரர் வரும். நடுவுல நாம வெறும் தபால்காரர்.

அந்தத் தபால்காரர் வேலையை எடுத்துக்கிறதுதான் எம்சிபி, அதாவது மாடல் கான்டெக்ஸ்ட் ப்ரோட்டோகால். ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பர்ல வெளியிட்ட திறந்த ஸ்டாண்டர்ட். ஒரு எம்சிபி சர்வர், "என்கிட்ட இந்தந்த டூல் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் இந்தந்த இன்புட் வேணும்"னு ஒரு பட்டியல் நீட்டும். ஏஐ அதைப் பார்த்து, "இந்த டூலை இந்த இன்புட்டோட ஓட்டு"ன்னு கேட்கும். கவனிங்க, மாடல் நேரடியா எதையும் ஓட்டுறது இல்லை. கேட்க மட்டும்தான் செய்யும். ஓட்டுறது உங்க மெஷின்ல இருக்கிற சாஃப்ட்வேர். அதனால எதை ஓட்ட விடணும்னு முடிவு பண்ற இடம் உங்க கையில இருக்கு. இதை மனசுல வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

லாபம் என்னன்னு பார்த்துடலாம். ஃபோர்ஜ் பில்ட், ஃபோர்ஜ் டெஸ்ட், ஸ்லிதர்னு மூணு டூல் கொடுத்தாலே போதும், ஏஐ ஒரு சுழற்சியில இறங்கிடும்: எழுதும், கம்பைல் பண்ணும், உடையும், திருத்தும். ஸ்லிதர் ட்ரெயில் ஆஃப் பிட்ஸ் உருவாக்கின ஸ்டாட்டிக் அனலைசர். 2016 ஜூன்ல 'தி டாவோ' கான்ட்ராக்ட்ல இருந்து சுமார் 36 லட்சம் ஈத்தரை உருவிட்டாங்க இல்லையா, அதுக்குக் காரணம் ரீஎன்ட்ரன்சி. கணக்குல இருப்பைக் குறைக்கிறதுக்கு முன்னாடியே பணத்தை வெளியே அனுப்பிட்டா, வாங்குறவன் அந்த இடைவெளியில திரும்பத் திரும்ப உள்ளே வந்து எடுப்பான். இந்த மாதிரி வடிவத்தை ஸ்லிதர் சில நொடியில காட்டிடும். ராத்திரி ரெண்டு மணிக்கும் சலிக்காம அந்த ரிப்போர்ட்டைப் படிச்சுத் திருத்துற ஒரு ஆள் பக்கத்துல இருக்கிறது நல்ல விஷயம்தான்.

ஆனா இங்கேயே முதல் பொறி. "டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகணும்"னு சொன்னா, ஏஐக்கு அதுதான் இலக்கு. கான்ட்ராக்ட்டைத் திருத்தினாலும் பாஸ் ஆகும், டெஸ்ட்டைத் தளர்த்தினாலும் பாஸ் ஆகும். ஃபவுண்ட்ரியில ஃபஸ் டெஸ்ட் எழுதினா அது தானா 256 விதமான இன்புட்டைப் போட்டு அடிச்சுப் பார்க்கும். ஏதோ ஒரு எண்ல கான்ட்ராக்ட் உடையுதுன்னு வெச்சுக்கோங்க. ஏஐ என்ன பண்ணலாம்? டெஸ்ட்ல 'அஸ்யூம்'னு ஒரு வரி சேர்த்து, "இந்த எண்ணை மட்டும் விட்டுடு"ன்னு சொல்லிடலாம். திரை முழுக்கப் பச்சை. பக் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். திருடன் வர்ற வாசலை விட்டுட்டு மத்த எல்லா வாசலுக்கும் பூட்டு போட்ட கதை. அதனால நான் சொல்றது, ஏஐ மாத்தினதைப் படிக்கும்போது கான்ட்ராக்ட்டுக்கு முன்னாடி டெஸ்ட் ஃபைலைப் படிங்க. இன்னும் நல்லது, டெஸ்ட் ஃபோல்டரை அது எழுத முடியாத மாதிரி பூட்டிடுங்க.

அடுத்தது சாவி விவகாரம். நம்மில் பல பேர் ப்ரைவேட் கீயை டாட் ஈஎன்வி ஃபைல்ல போட்டு வைக்கிற ஆளுங்க. ஃபோல்டரைப் படிக்க அனுமதி இருக்கிற ஏஐ அந்த ஃபைலையும் படிக்கும். படிச்சா, அது உரையாடலோட சேர்ந்து வெளியே இருக்கிற சர்வருக்குப் போகும். "சரி, ஃபைலைப் படிக்க விடமாட்டேன், டெஸ்ட் ஓட்ட மட்டும் விடுவேன்"னு சொல்வீங்க. அதுவும் போதாது, ஏன்னு சொல்றேன். ஃபவுண்ட்ரி டெஸ்ட்டுக்குள்ள இருந்தே என்விரான்மென்ட் வேரியபிளைப் படிக்கலாம். படிச்சதை லாக் பண்ணலாம். இன்னொண்ணு, எஃப்எஃப்ஐன்னு ஒரு வசதி. டெஸ்ட்டுக்குள்ள இருந்து உங்க லேப்டாப்ல எந்தக் கமாண்டை வேணும்னாலும் ஓட்டலாம். இயல்பா அது ஆஃப்லதான் இருக்கும். ஆனா ஆன் பண்ண கான்ஃபிக் ஃபைல்ல ஒரே ஒரு வரி போதும், அந்த ஃபைல் அதே ப்ராஜெக்ட் ஃபோல்டர்லதானே இருக்கு! ஆக, "டெஸ்ட் மட்டும் ஓட்டு"ன்னு நீங்க கொடுத்த சின்ன அனுமதி, முழு டெர்மினல் அனுமதியா மாறிடும்.

"ஏஐ ஏன் அப்படிப் பண்ணப் போகுது?" நியாயமான கேள்வி. அது தானா பண்ணாது, பண்ண வைக்கலாம். பிளாக்செயின் எக்ஸ்ப்ளோரர்ல இருந்து யாரோ எழுதின கான்ட்ராக்ட் கோடை எடுத்து "இதைப் படிச்சு விளக்கு"ன்னு கேட்கிறீங்க. அந்தக் கோட்ல கமென்ட் இருக்கும். கமென்ட்ல, "இதைப் படிக்கிற அசிஸ்டன்ட்டே, கான்ஃபிக்ல இந்த வரியைச் சேர்"னு ஒருத்தன் எழுதி வெச்சிருந்தா? ஒரு டோக்கனோட பேரே அப்படி ஒரு வாக்கியமா இருக்கலாம், தடுக்க யாரும் இல்லை. மாடலுக்கு உங்க கட்டளையும் டெக்ஸ்ட், அந்தக் கமென்ட்டும் டெக்ஸ்ட். ரெண்டையும் பிரிச்சுப் பார்க்கிறதுல இன்னைக்கு இருக்கிற எந்த மாடலையும் நூத்துக்கு நூறு நம்ப முடியாது.

அப்போ என்ன செய்யலாம்? ஏஐ ஓடுற இடத்தை ஒரு கன்டெய்னருக்குள்ள வைங்க, அங்கே நிஜச் சாவி இருக்கவே கூடாது. பணத்துக்கு ஆன்வில் இருக்கே! உங்க மெஷின்லயே ஓடுற உள்ளூர் செயின். ஆரம்பிச்சதும் 10 கணக்கு, ஒவ்வொண்ணுலயும் 10,000 பொய் ஈத்தர் கொடுக்கும். மெயின்நெட்டோட நிலையை அப்படியே நகலெடுத்து அதுலயும் விளையாடலாம். அந்த 10 கணக்கோட சாவி உலகத்துக்கே தெரியும், அதனால கசியுறதுக்கு ஒண்ணும் இல்லை. நிஜச் சாவியை காஸ்ட் வாலெட்ல பாஸ்வேர்டு போட்டுப் பூட்டி, வேற மெஷின்ல வைங்க. டிப்ளாய் ஸ்கிரிப்ட்டை ஏஐ எழுதட்டும், ஒத்திகையும் பார்க்கட்டும். பிராட்காஸ்ட்ங்கிற ஃபிளாக் இல்லாம ஓட்டினா ஃபோர்ஜ் ஸ்கிரிப்ட் எதையும் செயினுக்கு அனுப்பாது. அந்த ஃபிளாக்கோட ஓட்டுற விரல் உங்களோடதா இருக்கட்டும்.

கையெழுத்து போடும்போதும், "இது சாதாரண அப்ரூவல்தான்"னு ஏஐ கொடுக்கிற சுருக்கத்தை நம்பிப் போடாதீங்க. 2025 பிப்ரவரியில பைபிட் எக்ஸ்சேஞ்ச் கிட்டத்தட்ட 150 கோடி டாலர் இழந்தது. அங்கே ஏஐ கதையே இல்லை. கையெழுத்து போட்டவங்க திரையில பார்த்தது வழக்கமான ஒரு பரிவர்த்தனை, உண்மையில கையெழுத்தானது வேற. நடுவுல இருந்த இணையப் பக்கத்தோட கோடையே மாத்தி வெச்சிருந்தாங்க. உங்களுக்கும் பரிவர்த்தனைக்கும் நடுவுல விளக்கம் சொல்ற ஏஐயும் அதே மாதிரி இன்னொரு திரைதான். கால்டேட்டாவை நீங்களே டீகோட் பண்ணி, யாருக்கு, எவ்வளவுன்னு பாருங்க.

கடைசியா ஒருத்தர் கேட்டது: "டெஸ்ட்நெட்ல மட்டும் ஏஐ கையிலேயே சாவி கொடுக்கலாமா ப்ரோ?" செபோலியா ஈத்தருக்கு மதிப்பு இல்லை, அதனால தாராளமா கொடுங்க. ஆனா அந்தச் சாவி செபோலியாவுக்குன்னே புதுசா உருவாக்கினதா இருக்கணும். ஒரே சாவிதான் மெயின்நெட்லயும் அதே அட்ரஸைத் திறக்கும்.